எஃப்5 இல்லாத தீவு

க்ரைசிஸ் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமைப் புதுப்பித்து விட்ட ரீமாஸ்டரை, வெளியான சூட்டோடு நான் வாங்கவில்லை. தள்ளுபடி வரட்டும் என்று பொறுத்திருந்து, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைக்கு வந்த பிறகு வாங்கி, சேலத்து வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு மே மாதத்தில் உட்கார்ந்து முழுதாக முடித்தேன். திட்டித் தீர்க்கலாம் என்றால் அந்த அளவுக்கு மோசமான கேமும் இல்லை. ஓடுகிறது, பார்க்க நன்றாகவே இருக்கிறது, தெரியாதவர் யாராவது விளையாடினால் 'பரவாயில்லையே' என்றுதான் சொல்வார். ஆனால் பழசை விளையாடியவர்களுக்கு ரெண்டாவது மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், இதிலிருந்து யாரோ எதையோ உருவி எடுத்திருக்கிறார்கள் என்று. அது என்ன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளும்.

க்ரைசிஸ் 2007 நவம்பரில் வந்தது. எழுதியவர்கள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் க்ரைடெக். அதற்கு முன் 2004-இல் ஃபார் க்ரை எடுத்த அதே ஆட்கள். கதை எளிது: லிங்ஷான் என்ற தீவை வட கொரிய ராணுவம் பிடித்து வைத்திருக்கிறது, நானோசூட் என்ற சக்தி தரும் கவச உடை போட்ட அமெரிக்க வீரர்கள் சிலர் இரவில் வானத்திலிருந்து குதிக்கிறார்கள், அப்புறம் மலைக்குள் வேறு ஏதோ தூங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிய வருகிறது. கதை நடப்பது 2020 ஆகஸ்டில். ரீமாஸ்டர் பிசிக்கு வந்தது 2020 செப்டம்பரில். எதிர்காலம் என்று எழுதி வைத்த வருடத்திலேயே கேமுக்கு மறுபிறவி. இதைக்கூட யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

'உன் கம்ப்யூட்டரில் க்ரைசிஸ் ஓடுமா?' என்ற கேள்வியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரும் அண்ணன்களிடம் கொட்டேஷன் கேட்கப் போகும் பையன்கள் எல்லோரும் அப்போது கேட்ட கேள்வி அது. "தம்பி, பட்ஜெட் எவ்வளவு, அதைச் சொல்லு முதல்ல" என்பதுதான் பதில். என்னிடம் இருந்தது 8600 ஜிடி என்ற 256 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு, பதினேழு இஞ்ச் குண்டு மானிட்டர். 1024-க்கு 768-இல், பாதி செட்டிங்கை லோவிலும் பாதியை மீடியத்திலும் வைத்தால் ஓடும். சண்டை பெரிதானால் தவழும். விண்டோஸ் விஸ்டாவில் மட்டும்தான் 'வெரி ஹை' கிடைக்கும் என்று மெனுவில் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து நாலு வரி மாற்றி அந்தப் பூட்டை உடைத்தார்கள். என் கார்டுக்கு அது தாங்காது என்று தெரிந்தும் நானும் உடைத்தேன். ஒரு பனைமரத்தின் முன்னால் அசையாமல் நின்று, அந்த ஓலைக்குள் வெயில் ஊடுருவி வருவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மீடியத்துக்கு வந்தேன்.

அந்த வெயில் சும்மா வந்ததில்லை. இன்று ஏராளமான கேம்களில் இருக்கும் ஸ்க்ரீன் ஸ்பேஸ் ஆம்பியன்ட் ஒக்லூஷன் என்ற உத்தி முதன்முதலில் வந்தது க்ரைசிஸில்தான். இரண்டு பொருள்கள் நெருங்கும் இடத்தில், மூலைமுடுக்கில், இலைக்கும் இலைக்கும் நடுவில் வெளிச்சம் குறைவாக இருக்கும் இல்லையா, அந்த மங்கலைத் திரையில் இருக்கும் ஆழக் கணக்கை வைத்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் மலிவாகப் போட்டுத் தரும் வேலை. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிச் செடிகளுக்குள் காலை எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் மங்கல் என்னவென்று புரியும். மேலே வெளிச்சம் சாய்ந்து இறங்கும், செடியின் அடியில் ஈர இருட்டு அப்படியே இருக்கும். 2007-இல் அதைக் கிட்டத்தட்ட சரியாகக் காட்டிய ஒரே கேம் இது.

இப்போது ரீமாஸ்டருக்கு வருகிறேன். அதன் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். 2007-இல் வந்த பிசி க்ரைசிஸிலிருந்து அதைச் செய்யவில்லை. 2011-இல் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 என்ற டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்களுக்கு ஒரு பதிப்பு வந்ததே, அதை எடுத்து அதன்மேல் புதுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். அந்த 360-இல் இருந்த மொத்த நினைவகம் 512 எம்பி. இத்தனை பெரிய தீவை அதற்குள் நுழைத்ததே ஒரு சாதனைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நுழைப்பதற்காக வெட்டியதையெல்லாம் வெட்டியபடியே 2020 பிசிக்குக் கொண்டுவந்தால் எப்படி?

முதலில் போனது அசென்ஷன் என்ற லெவல். கடைசிக்குச் சற்று முன்னால், பனியில் உறைந்த தீவிலிருந்து செங்குத்தாக எழும்பும் விடிஓஎல் விமானத்தை நாமே ஓட்டிக்கொண்டு வெளியேறும் பகுதி. கன்சோலுக்காக 2011-இல் வெட்டினார்கள். ரீமாஸ்டர் வெளியானபோதும் இல்லை. உண்மையைச் சொன்னால் அது அப்படியொன்றும் நல்ல லெவல் கிடையாது. விமானம் எருமை மாதிரி திரும்பும், பாதி பேருக்கு அந்த இடத்தில்தான் கேமே வெறுத்துப் போயிருக்கும். ஆனாலும் ஒரு லெவலையே காணோம் என்றால் அதற்கு ரீமாஸ்டர் என்று எப்படிப் பெயர் வைப்பது? ஆட்கள் சத்தம் போட்டார்கள், பிறகு வந்த பேட்சில், அதாவது திருத்தத்தில், சேர்த்தார்கள். அதுவரை சந்தோஷம்.

அடுத்தது நானோசூட். பழையதில் மவுஸின் நடு பட்டனை அழுத்தினால் ஒரு வட்டம் வரும். கவசம், வேகம், பலம், மறைவு என்று நாலு திசை. எதில் இருக்கிறோம் என்பது நம் முடிவு. பலத்தில் வைத்து ஓட்டுக் கூரைமேல் தாவி, அந்தரத்திலேயே மறைவுக்கு மாறி, கீழே காவல் நிற்பவனின் பின்னால் இறங்கி, திரும்பப் பலத்துக்கு வந்து அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி எறிவது ஒரு கணக்கு. எந்த மோடில் எவ்வளவு சக்தி கரைகிறது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கன்சோல் பதிப்பு இதை க்ரைசிஸ் இரண்டாம் பாகத்தின் பாணிக்கு மாற்றியது. கவசம் ஒரு பட்டன், மறைவு ஒரு பட்டன், ஓடினால் வேகம் தானாக வரும், தாவலை அழுத்திப் பிடித்தால் பலம் தானாக வரும். கைக்கு எளிது, மறுக்கவில்லை. ஆனால் யோசிக்க வேண்டிய வேலை பாதியாகிவிட்டது. ரீமாஸ்டர் இந்த எளிய வழியோடுதான் வந்தது. பழைய முறையைப் பின்னால் ஒரு விருப்பமாகத் திறந்துவிட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியதா இது?

என்னை உண்மையில் கடுப்பேற்றியது எஃப்5. பழைய க்ரைசிஸில் எஃப்5 அழுத்தினால் நின்ற இடத்தில் சேவ் ஆகிவிடும். ரீமாஸ்டரில் அது கிடையாது. கேம் தானாகச் சேவ் செய்யும் செக்பாயிண்ட் எங்கே வருகிறதோ அங்கேதான். இது ஏதோ வசதிப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 2008-க்குப் பிறகு நாலைந்து வருடம் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். மின்வெட்டுக் காலம் அது. மேட்டூரில் அணையும் இருக்கிறது, அனல்மின் நிலையமும் இருக்கிறது, இரண்டும் எங்கள் மாவட்டம்தான், ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் மின்விசிறி ஓடாது. எப்போது போகும் என்று ஓரளவு தெரியும், சொன்னதற்குக் கால் மணி முன்னாலேயே போவதும் தெரியும். மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ் பேட்டரி கிழடு. கரண்ட் போனவுடன் பீப், பீப் என்று ஆரம்பிக்கும். முதல் பீப்புக்கு விரல் தானாக எஃப்5-க்குப் போகும். அப்புறம் எஸ்கேப், வெளியேறு, ஷட் டவுன். பீப் இடைவெளி விடாமல் ஒரே கூவலாக மாறுவதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும். பக்கத்து அறையிலிருந்து அம்மா "அதை அணைச்சுத் தொலைடா, வெடிச்சிடப் போகுது" என்பார்.

ஆனால் மின்வெட்டு இல்லாத ஊரிலும் இந்தக் கேமுக்கு எஃப்5 உயிர்நாடி. க்ரைசிஸின் சுகமே பரிசோதனைதான். கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே ஆறு பேர். முன்வாசலில் போகலாம். பின்பக்கச் சுவரைக் குத்தி இடிக்கலாம். ஜீப்பை முழு வேகத்தில் விட்டு நாம் மட்டும் குதித்துவிட்டால் கொட்டகையே அவர்கள் தலையில் சரியும். பக்கத்தில் இருக்கும் மரத்தைச் சுட்டால், சுட்ட இடத்தில் முறிந்து விழும். விழுவது எந்தப் பக்கம் என்பது நம் அதிர்ஷ்டம். ஒருமுறை என் மாமா பையன் ஒரு கடல் ஆமையைத் தூக்கிக் காவலன் தலையில் எறிந்து, மற்றவர்கள் ஆமையைத் தேடுகிறார்களா என்று பார்த்தான். தேடவில்லை. "மச்சான், பழைய சேவை லோட் பண்ணு, இந்தத் தடவை கோழி" என்றான். அவனுக்கு அந்தக் கேமின் முடிவு என்னவென்று இன்றுவரை தெரியாது, முதல் மூன்று லெவலைத் தாண்டவே இல்லை. இப்படி விளையாடுகிறவனை 'இங்கே செத்தால் அங்கேயிருந்து வா' என்று பத்து நிமிடம் பின்னால் தள்ளினால், ரெண்டாவது தடவையே அவன் முன்வாசல் வழியாகச் சுட்டுக்கொண்டு போய்விடுவான். நானும் ரீமாஸ்டரில் அப்படித்தான் போனேன். மொத்தத் தீவையும் முன்வாசல் வழியாகவே முடித்தேன்.

சரி, படமாவது எப்படி? இங்கே நியாயமாகப் பேச வேண்டும். ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் பிரதிபலிப்புகள் சேர்த்திருக்கிறார்கள், வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு இன்னொன்றுக்குத் தெறிக்கும் கணக்கு சேர்த்திருக்கிறார்கள். தகரக் கொட்டகைக்குள் நின்றால் கதவு வழியாக வரும் வெளிச்சம் தரையில் பட்டு உள்ளே பரவுகிறது, பழையதில் அது கிடையாது. தண்ணீர் அருமை. ஆனால் பகல் காட்சிகளில் நிறத்தை ஏற்றிய ஏற்றில் பழைய மங்கல் போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் கறுப்பான மாப்பிள்ளையை வெளுப்பாக்கி, பின்னால் ஒரு ஊட்டித் தோட்டத்தையும் வைத்துத் தருவார்களே, அந்தக் கைவண்ணம். 2020 ஜூலை தொடக்கத்தில் டிரெய்லர் முன்கூட்டியே கசிந்தபோதே இதைப் பார்த்து ஆட்கள் முகம் சுளித்தார்கள், அதனால்தான் பிசி பதிப்பைத் தள்ளிப் போட்டார்கள். சொன்ன தேதியில், ஜூலை 23 அன்று, வந்தது நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு மட்டும். உள்ளங்கையில் பிடித்து விளையாடும் கருவியில் க்ரைசிஸ் ஓடுகிறது என்று எல்லோரும் அதைப் பாராட்டினார்கள், சரியாகவே பாராட்டினார்கள். வன்பொருள் சின்னதாக இருந்த இடத்தில் மதிப்பெண் வாங்கிய வேலை, பெரிதாக இருந்த இடத்தில் தோற்றது.

பிசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிராஃபிக்ஸ் செட்டிங் வைத்து, அதற்கு அந்தப் பழைய கேள்வியையே பெயராக வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, உண்மை. பிறகு ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. கார்டு பாதி சும்மா இருக்கிறது, சிபியுவின் ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்குகிறது. இது பழைய க்ரைசிஸின் பரம்பரை நோய். அந்த இன்ஜினைத் திட்டமிட்ட காலத்தில், சிபியு என்றால் வருடா வருடம் கிகாஹெர்ட்ஸ் ஏறும் என்றுதான் தொழிலே நம்பியது. ஏறியது கோர்களின் எண்ணிக்கை. ஆகவே 2007-இன் க்ரைசிஸ் இன்றைய விலை உயர்ந்த கம்ப்யூட்டரிலும் கூட்டமான காட்சிகளில் திணறும். ரீமாஸ்டர் என்று ஒன்று செய்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். டைரக்ட்எக்ஸ் 11 என்ற பழைய கிராஃபிக்ஸ் தளத்திலேயே நின்றுகொண்டு, மேலே ரே டிரேசிங் சுமையையும் ஏற்றியிருக்கிறார்கள். கேலிப் பேச்சைக் காப்பாற்றிவிட்டார்கள், அது கேலியாக இருந்ததற்கான காரணத்தையும் சேர்த்தே காப்பாற்றிவிட்டார்கள்.

மல்டிபிளேயர் கிடையாது. பவர் ஸ்ட்ரகிள் என்று முப்பத்திரண்டு பேர் மோதும் ஒரு மோடு இருந்தது. 2014-இல் ஆட்டக்காரர்களை இணைத்துத் தந்த கேம்ஸ்பை சேவையை மூடியதோடு அதன் அதிகாரபூர்வ வழி அடைபட்டது. ரீமாஸ்டரில் அதைத் திரும்பக் கொண்டுவரும் யோசனையே இல்லை. 2008-இல் வந்த துணைக் கேமான வார்ஹெட்டும், பிறகு சேர்த்து விற்ற மூன்று பாகத் தொகுப்பில் இல்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய இழப்பு எடிட்டர். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

பழைய க்ரைசிஸ் டிவிடியிலேயே சாண்ட்பாக்ஸ் 2 என்ற எடிட்டரும் வந்தது. கேமை உருவாக்கியவர்கள் பயன்படுத்திய அதே கருவி. வெற்று நிலத்தைத் திறந்து, பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் மலை எழும்பும். இன்னொரு பிரஷ்ஷால் தேய்த்தால் காடு முளைக்கும். சூரியனை ஒரு நகர்த்தியில் இழுத்து விடியலிலிருந்து அந்திக்குக் கொண்டுபோகலாம். கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் அடுத்த நொடி நீங்கள் அந்த நிலத்தில் துப்பாக்கியோடு நிற்பீர்கள். ஏற்றும் நேரம், காத்திருப்பு, ஒன்றும் கிடையாது. பத்தொன்பது இருபது வயதில் ரெண்டு பையன்கள் கையில் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? நானும் மாமா பையனும் ஏற்காடு கட்டினோம்.

மலை எழுப்புவது சுலபமாக இருந்தது. ரோடுதான் பாடாய்ப் படுத்தியது. சாலைக் கருவியில் புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போனால் ரோடு விரியும், ஒரு பட்டனைத் தட்டினால் அடியில் இருக்கும் நிலம் ரோட்டின் மட்டத்துக்கு ஒழுங்காகும். நேர்ச் சாலைக்கு அது போதும். அடிவாரத்திலிருந்து மேலே போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே ரோடு தன்மேலேயே மடங்கும்போது, மேல் ரோட்டுக்காக உயர்த்திய மண் கீழ் ரோட்டை விழுங்கிவிடும். கீழதைச் சரி பண்ணினால் மேலது அந்தரத்தில் தொங்கும். வளைவின் உள்பக்கம் தார் சுருங்கி நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். மாமா பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நிஜ ரோட்டுக்கே போய், ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவர் எங்கே ஆரம்பிக்கிறது, ரோடு எவ்வளவு தூரம் அகலமாகிறது என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டு வந்தான். வந்து சொன்னான்: "மச்சான், வளைவு தட்டையா இல்லடா, உள்பக்கம் செங்குத்தா ஏறுது, வெளிப்பக்கம் சாஞ்சு ஏறுது." அதற்கு முன் எத்தனையோ தடவை அந்த ரோட்டில் போயிருக்கிறோம், ரெண்டு பேரும் கவனித்ததில்லை. அதற்கப்புறம் ரெண்டு மூன்று வளைவு ஓரளவு சரியாக வந்தது.

சில்வர் ஓக் மரம் எடிட்டரில் கிடையாது. காப்பிச் செடியும் கிடையாது. இருந்ததெல்லாம் வெப்பமண்டலத் தீவின் சரக்கு. எனவே எங்கள் ஏற்காட்டில் பனையும் தென்னையும் வாழையும்தான். ஏரி இன்னொரு தலைவலி. அந்த எடிட்டரில் கடல் என்பது நிலம் முழுவதற்கும் ஒரே மட்டம். மலைமேல் தண்ணீர் வேண்டுமென்றால் தனியாக ஒரு தண்ணீர்ப் பரப்பை வரைந்து உயரத்தில் வைக்க வேண்டும். வைத்தோம். படகுத்துறையில் கொரிய வீரர்கள் நாலு பேரைக் காவல் நிறுத்தினோம். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் ஒரு மெஷின் கன். அங்கே நின்று கீழே பார்த்தால் சேலம் தெரிய வேண்டும், எங்களுக்கு நகரம் கட்டப் பொறுமையில்லை, அதனால் கீழே கடல். ஜங்ஷன், செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு எல்லாம் நீலத் தண்ணீருக்கு அடியில். பார்த்த நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "டேய், எங்க வீடு எங்கடா?"

மூடுபனி மட்டும் அசலாக வந்தது. அடர்த்தியையும் உயரத்தையும் மாற்றி மாற்றி, காலை ஏழு மணிக்கு ஏரிமேல் படிந்து, சூரியன் ஏற ஏறக் கலைவது மாதிரி மாமா பையன் வைத்தான். அந்த ஒன்றில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. பிறகு ஹார்ட் டிஸ்க் போனது, மேப்பும் போனது.

ரீமாஸ்டரில் எடிட்டர் இல்லை. கன்சோல் பதிப்பை அடியாக எடுத்தால் எங்கிருந்து இருக்கும்? இன்று ஒரு கல்லூரிப் பையன் முப்பது டாலர் விலையுள்ள அந்தப் பெட்டியைத் திறந்தால் அவனுக்குக் கிடைப்பது பார்க்க அழகான தீவு, நடக்க ஒரு பாதை. எங்களுக்குக் கிடைத்தது தீவும், அதைச் செய்யும் பட்டறையும்.

இப்படித்தான் ஆகும், பழைய கேம் என்றால் இவ்வளவுதான் முடியும் என்று சொல்பவர்கள் 2021 ஆகஸ்டில் வந்த க்வேக் மறுவெளியீட்டைப் பார்க்க வேண்டும். 1996-இன் கேம். படத்தைத் துடைத்தார்கள், பழைய தோற்றம் வேண்டுமென்றால் அதையும் விட்டுவைத்தார்கள், மல்டிபிளேயரைத் திரும்ப ஓட வைத்தார்கள், மெஷின்கேம்ஸ் என்ற ஸ்டுடியோ புதிதாக ஒரு அத்தியாயமே கட்டிச் சேர்த்தது. ரசிகர்கள் செய்த மேப்புகளுக்கும் உள்ளேயே இடம் கொடுத்தார்கள். 2023-இல் இரண்டாம் பாகத்துக்கும் அதே கவனிப்பு. முன்பே வைத்திருந்தவர்களுக்கு ரெண்டுமே இலவசம். வேலையை ஆரம்பிக்கும் முன் 'இதை ஜனங்கள் எப்படி விளையாடினார்கள்?' என்று யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், அது தெரிகிறது.

எது வாங்கலாம் என்று கேட்டால், கன்சோல் மட்டும் வைத்திருப்பவர்கள் ரீமாஸ்டரை வாங்கலாம், வேறு வழியில்லை. ஸ்விட்ச் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பிசி இருப்பவர்கள் 2007-இன் க்ரைசிஸையே வாங்குங்கள். இன்னும் விற்பனையில் இருக்கிறது, தள்ளுபடியில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும். புது விண்டோஸில் அப்படியே திறந்தால் சில கம்ப்யூட்டர்களில் முரண்டு பிடிக்கும். ரசிகர் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் கேமைத் திறந்துவிடும் ஒரு லாஞ்சர் இருக்கிறது, அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆரம்பத்திலேயே டெல்டா என்ற கடினமான நிலையில் போங்கள். மற்ற நிலைகளில் எதிரிகள் ஆங்கிலத்தில் திட்டத்தைக் கத்திச் சொல்லிக் காட்டிக்கொடுத்து விடுவார்கள், டெல்டாவில் கொரிய மொழியில்தான் பேசுவார்கள், உங்களுக்கு ஒரு எழவும் புரியாது. ஷேடோவை மட்டும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். எஃப்5 வேலை செய்கிறதா என்று முதல் கடற்கரையிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.